கயானாவுக்கு கேமராவோடு ஒரு குரூப் டூர்: அட்வான்ஸ் கட்டும் முன் என்னென்ன தெரிஞ்சிருக்கணும்?

வெஸ்ட் இண்டீஸ் அணிக்காக 2012-ல் டெஸ்ட் ஆட வந்த இடதுகை சுழற்பந்து வீச்சாளர் ஒருவரின் பெயரை ஸ்கோர்கார்டில் பார்த்தவர்கள் ஒரு நொடி நின்றிருப்பார்கள். வீராசாமி பெர்மால். வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். வீராசாமி பெருமாள்! தி.நகரில் ஏதோ ஒரு வீட்டு வாசலில், காலிங் பெல்லுக்கு மேலே இருக்க வேண்டிய பெயர். அவர் பிறந்ததோ தென் அமெரிக்காவில், கயானா நாட்டின் பெர்பீஸ் பகுதியில்.

தி.நகர் டிராவல்ஸ் ஆபீஸ்களின் கண்ணாடிக் கதவில் சிங்கப்பூர் - மலேசியா, துபாய், தாய்லாந்து, ஐரோப்பா போஸ்டர்களைப் பார்க்கலாம். கயானாவைப் பார்ப்பது கஷ்டம். ஆனால் பத்துப் பேருக்குள் குழுவாக அழைத்துப் போய், ஊரையும் மக்களையும் நிதானமாகப் படம் எடுக்க வைக்கும் ‘கல்ச்சர் அண்ட் போட்டோகிராபி டூர்’ என்ற வகை உலகம் முழுக்க இருக்கு. கயானா போன்ற, கூட்டம் அதிகம் போகாத நாடுகள்தான் அந்த வகை டூருக்குப் பொருத்தம்.

செலவு லட்சங்களில் போகும். ஆபீஸில் இரண்டு வாரம் லீவு கேட்க வேண்டியிருக்கும். அதனால் பணம் கட்டும் முன் கொஞ்சம் விவரமாகப் பார்த்துவிடலாம்.

கயானா எங்கே இருக்கு?

தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில், வெனிசுவேலாவுக்கும் சுரினாமுக்கும் நடுவில். தெற்கே பிரேசில். அந்தக் கண்டத்தின் கணக்கில் சின்ன நாடு. நம்ம கணக்கில் அப்படி இல்லை. பரப்பளவு சுமார் 2.15 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். மக்கள்தொகைதான் சின்னது. மொத்த நாட்டிலும் ஏறக்குறைய 8 லட்சம் பேர். பெரும்பாலானவர்கள் கடலோரத்தில் வசிக்கிறார்கள். மீதி நிலத்தில் பெரும்பகுதி காடு.

தென் அமெரிக்காவில் ஆங்கிலத்தை ஆட்சி மொழியாகக் கொண்ட ஒரே நாடு இது. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து 1966 மே 26-ல் விடுதலை பெற்றது. வண்டிகள் நம்மைப் போலவே சாலையின் இடதுபக்கம் ஓடும். நேரம் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால்.

‘எனக்கும் கயானாவுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்டால், உங்கள் காபிக் கோப்பையிலேயே ஒரு பதில் இருக்கு. கஃபேக்களில் பொன்னிறமாகத் தரும் டெமராரா சர்க்கரை, கயானாவின் டெமராரா நதிக்கரையிலிருந்து பெயர் பெற்றது. அந்தக் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறியவர்களும் உண்டு.

தமிழர்கள் எப்படிப் போனார்கள்?

பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை 1834-ல் சட்டப்படி ஒழிந்தது. ‘பயிற்சிக் காலம்’ என்ற பெயரில் அது இன்னும் நான்கு ஆண்டு இழுத்து, 1838 ஆகஸ்டில்தான் முழுமையாக முடிந்தது. தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டும். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தார்கள். கல்கத்தாவிலிருந்து கிளம்பிய விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்கள் 1838 மே 5-ல் சுமார் 400 பேரோடு கரை சேர்ந்தன. இன்றும் மே 5 கயானாவில் பொது விடுமுறை.

1917 வரை நடந்த இந்த ஆள் ஏற்றுமதியில், மொத்தம் 2 லட்சத்து 38 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் போனார்கள். பெரும்பகுதி வட இந்தியர்கள். 1845 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. தமிழும் தெலுங்கும் பேசிய இவர்களை அங்கே ‘மதராசி’ என்றார்கள். எண்ணிக்கையில் சிறுபான்மை. ஆனால் அந்தப் பெயர் இன்றுவரை நிலைத்திருக்கு.

பேச்சு மொழியாகத் தமிழ் தங்கவில்லை. சாமி கும்பிடும் இடத்தில் தங்கியது. மாரியம்மன், மதுரைவீரன், காட்டேரி, சங்கனி, முனீஸ்வரன் வழிபாடும், வேப்பிலையும், கரகமும், தப்பும் அங்கே இருக்கின்றன. சாமி வந்து ஆடுபவரை ‘மார்லோ’ என்கிறார்கள். நம்ம ‘மருள்’தான் அது.

பெயர்களிலும் தங்கியது. மூன்சாமி, ராம்சாமி, மூட்டூ என்ற குடும்பப் பெயர்களுக்குள் முனுசாமியும் ராமசாமியும் முத்துவும் இருக்கிறார்கள். 2015 முதல் 2020 வரை கயானாவின் பிரதமராக இருந்த மோசஸ் நாகமூட்டூவின் பெயரில் இருப்பது நாகமுத்து. கோரன்டைன் கடற்கரை மதராசி மீனவர்களின் வாழ்க்கையை வைத்து ‘ஹென்ட்ரீஸ் க்யூர்’ என்று ஒரு நாவலும் எழுதியிருக்கிறார். அது வெளிவந்தது 2000-ல்.

சாதாரண குரூப் டூருக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரே வார்த்தையில் சொன்னால், நேரம்.

‘7 நாளில் 5 நாடு’ வகை டூரில் பஸ்ஸிலிருந்து இறங்கி, செல்ஃபி எடுத்து, திரும்ப ஏறிவிடலாம். படம் எடுக்கப் போகிறவர்களுக்கு அது உதவாது. ஜார்ஜ்டவுன் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு டிகிரிக்குள் இருக்கு. சூரியன் ஆறு மணி சுமாருக்கு எழுந்து, விறுவிறுவென்று உச்சிக்குப் போய்விடும். காலை வெளிச்சம் நன்றாக இருப்பது ஒரு மணி நேரம்தான். ‘எட்டு மணிக்கு பிரேக்பாஸ்ட், ஒன்பதுக்கு பஸ்’ என்று அட்டவணை இருந்தால் அது பெயரளவில்தான் போட்டோகிராபி டூர்.

அட்டவணையில் எத்தனை இடம் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். ஒரு இடத்தில் எத்தனை மணி நேரம், எந்த நேரம் என்று பாருங்கள். ஒரே ஊருக்கு இரண்டாவது தடவையும் போகிற மாதிரி திட்டம் இருந்தால் இன்னும் நல்லது. முதல் நாள் நீங்கள் அவர்களைப் பார்ப்பீர்கள், இரண்டாம் நாள்தான் அவர்கள் உங்களோடு பேசுவார்கள்.

என்னென்ன படம் எடுக்கலாம்?

ஜார்ஜ்டவுன்: கடல் பொங்கும்போது நகரம் கடல் மட்டத்துக்குக் கீழே போய்விடும். நீண்ட கடற்சுவரும், ‘கோக்கர்’ என்று அவர்கள் சொல்லும் மதகுகளும்தான் ஊரைக் காக்கின்றன. ஏரியைத் தூர்த்து 1920-களில் எழுந்த தி.நகரிலிருந்து, மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்தவர்களுக்கு இந்த ஊர் உடனே புரிந்துவிடும். மரத்தாலேயே கட்டிய செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல் 43 மீட்டர் உயரம். ஸ்டாப்ரோக் மார்க்கெட்டின் இரும்பு மணிக்கூண்டு 1881-ல் எழுந்தது. காலை நேர மார்க்கெட் படங்களுக்குப் போன் கேமராவே போதும். மானுமென்ட் கார்டனில் விட்பி கப்பலின் வெண்கல மாதிரி நிற்கிறது.

கைட்டூர் அருவி: பொட்டாரோ நதி ஒரே தாவலில் 226 மீட்டர் கீழே விழுகிறது. நயாகராவைவிட நான்கு மடங்குக்கு மேல் உயரம். ஓகிள் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் ஒரு மணி நேரம். ஒரு நாள் டூரில் அங்கே நிற்பது ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான். மேகம் இறங்கினால் விமானமே போகாது. அதனால் அட்டவணையில் ஒரு நாள் கூடுதலாக இருக்க வேண்டியது அவசியம். அங்கே ஆரஞ்சு நிற காக் ஆஃப் த ராக் பறவையையும், செடிகளின் இலை இடுக்குத் தண்ணீரில் வாழும் குட்டித் தங்கத் தவளையையும் பார்க்க வாய்ப்பு உண்டு. பறவைக்கு மட்டும் பெரிய லென்ஸ் வேண்டும்.

பெர்பீஸ்: ஜார்ஜ்டவுனிலிருந்து கிழக்கே கடலோரச் சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆற்றின் மேல் 2008-ல் திறந்த மிதவைப் பாலம் உண்டு. ரோகன் கன்ஹாய், ஆல்வின் காளிச்சரண் இருவரும் பிறந்த போர்ட் மொராண்ட் கிராமம் இங்கேதான். நாட்டின் முக்கியத் தலைவர் செட்டி ஜகனும் அதே ஊர்தான். அந்தக் கிராமத்தைத் தாண்டி ஒரு டூர் பஸ் அரை மணி நேரத்தில் போய்விட்டால், போனதே வீண்.

சாப்பாடு: இந்து வீட்டுக் கல்யாணத்தில் ‘செவன் கறி’ சாப்பாட்டை அல்லி இனத்துப் பெரிய இலையில் பரிமாறுவார்கள். நம்ம வாழை இலைக்குப் பங்காளி. அழைத்தால் உட்காருங்கள், கேமராவைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

எப்போது போகலாம்?

கடலோரத்தில் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். மே முதல் ஜூலை வரை ஒன்று, டிசம்பர் - ஜனவரியில் இன்னொன்று. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் வசதி. பிப்ரவரி 23 குடியரசு நாளில் ‘மஷ்ரமானி’ ஊர்வலம், மார்ச்சில் ‘பக்வா’ என்ற ஹோலி. இரண்டும் வீதியில் நடக்கும் திருவிழா என்பதால் படம் எடுக்கத் தயங்க வேண்டியதில்லை.

கோயிலுக்குள் கேமரா போகலாமா?

தமிழ்நாட்டிலிருந்து போகிற எல்லோரும் ஆசையாகக் கேட்பது காளி மாய் பூஜையைத்தான். தப்பு அடிக்கிற சத்தத்தில் உடம்பு சிலிர்க்கும், உண்மைதான். ஆனால் டூர் கம்பெனியின் அட்டவணையில் அது ‘காலை 10 மணி: மதராசி டெம்பிள் ஷூட்’ என்று இருந்தால் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

பூஜைக்கு வரும் பக்தர்கள் மூன்று நாள் அசைவம், மது விட்டு விரதம் இருந்து வருகிறார்கள். நோய் தீர, குடும்பம் சேர, வேலை கிடைக்க வேண்டி வருகிறார்கள். தோட்ட முதலாளிகளும் பாதிரிமார்களும் மட்டுமல்ல, மற்ற இந்துக்களே இந்த வழிபாட்டை இழிவாகப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. வெளியாள் கேமராவோடு வந்து நிற்கும்போது அந்தப் பழைய நினைவு அவர்களுக்கு வராமல் இருக்குமா?

இதை நம்ம ஊரை வைத்தே யோசிக்கலாம். ஒவ்வொரு தீபாவளிக்கும் ரங்கநாதன் தெருக் கூட்டத்தை மேலேயிருந்து எடுத்த படம் பேப்பரில் வரும். அந்தத் தலைகளில் ஒன்று நம்முடையதாகக்கூட இருக்கும். யாரும் கோபப்படுவதில்லை. அதே தெருவில் ஒருத்தர் நம் அம்மாவின் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டினால்? அதுவும் அம்மா கோயிலில் கண்ணை மூடிக் கண்ணீர் விடும்போது நீட்டினால்? சும்மா விடுவோமா?

அதனால் சில எளிய வழிகள்:

பூசாரியிடம் முதல் நாளே, கேமரா இல்லாமல் போய்க் கேளுங்கள். எங்கே நிற்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று அவரே சொல்வார். கூடாது என்றால் விட்டுவிடுங்கள்.

சாமி வந்தவரை எடுக்க அவரிடம் அப்போது அனுமதி கேட்க முடியாது. கேட்க முடியாத படத்தை எடுக்காமல் இருப்பதே நல்லது.

குழந்தைகளைப் படம் எடுக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

பத்துப் பேரும் ஒரே நேரத்தில் உள்ளே போகாதீர்கள். இரண்டிரண்டு பேராகப் போகிற ஏற்பாட்டை டூர் லீடர் செய்ய வேண்டும்.

காட்டுப் பகுதியில் உள்ள பூர்வகுடி கிராமங்களுக்கு இது சட்டமாகவே இருக்கு. 2006-ம் ஆண்டின் அமெரிந்தியர் சட்டப்படி, வெளியாட்கள் அவர்களின் நிலத்துக்குள் வர கிராம மன்றத்தின் அனுமதி வேண்டும். கிராமத் தலைவரை ‘தொஷாவ்’ என்பார்கள். உங்கள் டூர் கம்பெனி அந்த அனுமதியை முன்கூட்டியே வாங்கியிருக்கிறதா என்று கேளுங்கள்.

‘உங்களுக்குத் தமிழ் தெரியுமா?’

இந்தக் கேள்வி நம் வாயில் தானாக வரும். வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஐந்தாறு தலைமுறை தாண்டிவிட்டது. ஐந்து ஆண்டு ஒப்பந்தம் என்று கைநாட்டு வைத்துப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் அவர்கள். பள்ளியில் ஆங்கிலம், வீட்டிலும் தெருவிலும் கிரியோல். அவர்கள் கயானாக்காரர்கள். ‘மொழியைத் தொலைத்த தமிழர்’ என்று தலைப்பு வைத்துப் படம் போட்டால், அவர்கள் காப்பாற்றி வைத்திருப்பதை நாம் பார்க்கத் தவறிவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

‘உங்க குடும்பம் எந்தக் கப்பலில் வந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர்கள் உற்சாகமாகச் சொல்வார்கள். தெரியாதவர்கள் உங்களிடம் திருப்பிக் கேட்பார்கள், ‘நீங்க எந்த ஊர்?’ பேச்சு அங்கேயிருந்து ஆரம்பிக்கும்.

எதிர்த்திசையிலும் ஒரு குழுப் பயணம் இருக்கு. வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த 18 முதல் 30 வயது வரையிலான தமிழ் வம்சாவளி இளைஞர்களை அழைத்து வந்து ஊர் காட்டும் ‘வேர்களைத் தேடி’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கியது. அவர்கள் நம் கோயிலையும் கடைத்தெருவையும் படம் எடுக்கும்போது நமக்கு எப்படி இருக்கும் என்பதையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

விசா, தடுப்பூசி, வரி: என்ன கவனிக்கணும்?

வழி: சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. இரண்டு இடத்திலாவது மாற வேண்டும். அமெரிக்கா வழியாகப் போனால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் இந்தியர்களுக்கு விசா கட்டாயம். அதற்கான காத்திருப்பே மாதக்கணக்கில் ஆகலாம். கயானா விசாவுக்கு டெல்லியில் உள்ள அந்நாட்டுத் தூதரகத்தில் நடைமுறையை உறுதி செய்துகொள்ளுங்கள். விசா கைக்கு வரும் முன் முழுப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி: இதை மறந்தால் சிக்கல் திரும்பி வரும்போதுதான். மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் கயானா இருக்கு. சான்றிதழ் இல்லாமல் சென்னையில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும், ராஜாஜி சாலை துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். காட்டுப் பகுதிக்குப் போவதாக இருந்தால் மலேரியா பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

டிசிஎஸ்: வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்குப் பணம் கட்டும்போது வருமான வரித்துறைக்காக ஒரு தொகையைச் சேர்த்து வசூலிப்பார்கள். 2023 அக்டோபரில் 7 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று ஆனது. 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 10 லட்சமாக உயர்ந்தது. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால், கட்டும் நாளில் எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் பான் எண்ணில் அது பதிவாக வேண்டும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் இருந்தால் ரீஃபண்ட் வரும்.

கேமரா: விலை அதிகமான கேமரா, லென்ஸ் கொண்டு போனால், கிளம்பும்போதே விமான நிலைய சுங்கத்துறையிடம் சீரியல் நம்பரோடு ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவையுங்கள். திரும்பும்போது ‘எங்கே வாங்கினது?’ என்ற கேள்விக்கு அதுதான் பதில். உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும். ட்ரோனுக்கு அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் முன் அனுமதி தேவை. ராணுவ உடை மாதிரி டிசைன் போட்ட டிரெஸ் வேண்டாம், அங்கே அதற்குத் தடை.

அட்வான்ஸ் கட்டும் முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர்? ஆள் சேராவிட்டால் டூர் ரத்தா? பணம் எத்தனை நாளில் திரும்பும்?

2. விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு பிடித்தம்? இதை எழுத்தில் வாங்குங்கள்.

3. கைட்டூர் விமானம் ரத்தானால் மாற்று நாள் உண்டா, பணம் திரும்ப வருமா?

4. உள்ளூர் வழிகாட்டி யார்? பெர்பீஸில் அந்த ஊர்க்காரரா, ஜார்ஜ்டவுனிலிருந்து கூடவே வருபவரா?

5. கோயில், கிராமம், பள்ளி என்று அட்டவணையில் இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் யாரிடம் அனுமதி வாங்கியிருக்கிறீர்கள்? அந்த ஊருக்கு டூர் பணத்தில் என்ன போய்ச் சேர்கிறது?

6. கேமரா சொல்லித்தருபவர் தினமும் கூட இருப்பாரா, அவரும் தன் படத்தை எடுக்கத்தான் வருகிறாரா?

7. மருத்துவ அவசரத்துக்கு என்ன ஏற்பாடு? காட்டுப் பகுதியிலிருந்து வெளியே கொண்டு வரும் செலவு இன்ஷூரன்ஸில் அடங்குமா?

நாலாவது, ஐந்தாவது கேள்விகளுக்கு மழுப்பலான பதில் வந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு அவ்வளவு பணம் இல்லையே!

பரவாயில்லை. பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழாவுக்குத் தி.நகரிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடலாம். அங்கே ஒரு நாள், முதலில் பேசி, அப்புறம் கேட்டு, கடைசியாகப் படம் எடுக்கிற பழக்கத்தை முயன்று பாருங்கள். நாள் முழுக்க நாலே படம் கிடைத்தாலும் சரி. அந்தப் பழக்கம் வந்தவர்களுக்குத்தான் பெர்பீஸில் கதவு திறக்கும்.

திரும்பி வந்த பிறகு?

‘போட்டோ அனுப்பறேன்’ என்று சொல்லிவிட்டு அனுப்பாமல் விடுவதுதான் இந்த வகைப் பயணங்களில் நாம் செய்யும் பெரிய தப்பு. அங்கே ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து உங்களுக்காகச் சிரித்திருப்பார். அவருடைய கொள்ளுத்தாத்தா சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியபோது யாரும் அவரைக் குடும்பத்துக்காகப் படம் எடுத்து வைக்கவில்லை. எழுதி வைத்தது ஒரு எண், பெயர், வயது, ஊர், சாதி, உடம்பில் ஒரு அடையாளம், அவ்வளவுதான்.

இன்ஸ்டாவில் போடும் முன் அந்தப் படத்தை அவருடைய பேரனின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். முடிந்தால் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். அந்த வீட்டுச் சுவரில் அது மாட்டப்பட்டால், உங்கள் டூர் நன்றாக நடந்தது என்று அர்த்தம்.